செக்: ஓர் அரசன் காசோலையான கதை

வணக்கம். சென்ற வாரம் நான் எழுதிக் கொடுத்த காசோலை ஒன்று, கையெழுத்துப் பொருந்தவில்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்துவிட்டது. விளக்கம் கேட்க வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் சற்றும் பதறாமல், "உங்க செக்கை ரெண்டு தடவை செக் பண்ணிட்டுத்தான் சார் திருப்பி அனுப்பினோம்" என்றார். கோபத்தோடு போன நான் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கோபத்தை மறந்து சொல்லைப் பிடித்துக்கொண்டேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு செக். அவர் கட்டம் போட்ட சட்டையும் அணிந்திருந்தார் என்று சொன்னால் கதைக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அவர் அணிந்திருந்தது வெள்ளைச் சட்டைதான்.

இந்தச் சொல் ஆங்கிலச் சொல் என்பதையே நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். பேருந்தில் செக்கிங் ஏறினால் பயணச்சீட்டைத் தேடுகிறோம். மலையடிவாரத்தில் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்துகிறோம். ஓடையின் குறுக்கே செக்டேம் கட்டுகிறோம். விடுதியில் செக்-இன் செய்கிறோம். துணிக்கடையில் செக் சட்டை கேட்கிறோம். ஓர் அரசியல் தலைவர் இன்னொருவரின் வழியை அடைத்தால் அவர் "செக் வைத்தார்" என்று பத்திரிகைகள் தலைப்பிடுகின்றன. சரிபார்த்தல், தடுத்தல், பணம் கொடுக்கச் சொல்லும் தாள், துணியில் உள்ள கட்டம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை பொருள்களும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒலி ஒன்றாக இருப்பதாலேயே சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஆங்கிலத்தில் இல்லை. நாள் என்னும் பொருளில் வரும் டேட், 'கொடுக்கப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பேரீச்சம்பழத்தைக் குறிக்கும் டேட், 'விரல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் தற்செயலாக ஒரே உருவத்தை அடைந்த அந்நியர்கள். செக் அப்படியில்லை. அதன் பொருள்கள் அனைத்தும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். அந்த மூதாதை ஒரு பாரசீக அரசன்.

இதோ, என் கையில் இருப்பது சதுரங்கத்தின் ராஜா. கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் சதுரங்கம் என்று இந்தியாவில் வழங்கிய ஆட்டம், பாரசீகத்துக்குப் போனபோது சத்ரங் ஆயிற்று. பின்னர் அரபியர் அதை ஷத்ரஞ்ச் என்றனர். ஆட்டத்தின் பெயர் நம் பக்கத்துச் சொல்லாகவே நீடித்தது. ஆனால் ராஜா மட்டும் பாரசீக மொழியில் ஷா ஆனார். எதிராளியின் ராஜாவைத் தாக்கும் காய் நகர்த்தலைச் செய்தவர், "ஷா!" என்று உரக்கச் சொல்லி எச்சரிப்பது வழக்கம். "அரசே, கவனம்" என்பது அதன் உட்பொருள். அந்த எச்சரிக்கைக் குரல்தான் செக் என்னும் சொல்லின் விதை. இந்தியில் இன்றும் இந்த நிலைக்கு ஷஹ் என்றே பெயர்.

அந்த ஷா என்னும் சொல்லின் வேரையும் தோண்டிப் பார்த்துவிடலாம். ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் தாரியஸ் மன்னன் வெட்டுவித்த கல்வெட்டு, அவனை அரசர்க்கரசன் என்னும் பொருளில் 'க்ஷாயதிய க்ஷாயதியானாம்' என்று அழைக்கிறது. அந்த க்ஷாயதியதான் காலப்போக்கில் தேய்ந்து ஷா ஆனது. அந்தத் தொடரே பின்னாளில் ஷாஹான்ஷா ஆனது. வடமொழியின் க்ஷத்ர என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. ஆகவே நம் நூல்கள் சத்திரியர் என்று எழுதும் சொல்லும், வங்கி அலுவலர் என்னிடம் சொன்ன செக்கும் தூரத்து உறவினர்கள் ஆகின்றன. இதை அவரிடம் சொல்லியிருந்தால் என் கணக்கையே மூடியிருப்பார்.

செக்மேட் என்பதற்கு 'அரசன் இறந்தான்' என்று பொருள் என்பது பலரும் சொல்வது. அரபு மொழியில் மாத்த என்றால் இறந்தான் என்பதால், ஷா மாத் என்ற தொடரை அப்படிப் புரிந்துகொண்டது இயல்பே. ஆனால் பாரசீகத்தில் மாத் என்றால் திகைத்து நிற்பவன், வழியற்றவன் என்று பொருள். எனக்கு இந்த இரண்டாவது விளக்கமே சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் மற்ற எல்லாக் காய்களும் வெட்டப்படலாம், ராஜா மட்டும் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை, நகர இடமில்லாமல் நிற்பதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. ரஷ்யர்கள் ஆட்டத்துக்கே ஷாக்மத்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூர்ந்து கேட்டால் அது ஷா மாத் என்பதன் எதிரொலி.

ஆட்டம் அரபியரோடு ஸ்பெயின் வழியாகவும் பிற வழிகளிலும் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஓர் இலத்தீன் பாடல் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் சதுரங்கத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு அதுவே. இலத்தீனில் ஷா என்பது ஸ்காக்கஸ் ஆனது. பழைய பிரெஞ்சில் எஷெக் ஆனது. அதன் பன்மை வடிவம் ஆங்கிலத்துக்குப் போய்த் தலையெழுத்தை இழந்து செஸ் ஆயிற்று. அதாவது, செஸ் என்பது செக் என்பதன் பன்மை. ஆட்டத்தின் பெயரே 'அரசர்கள்' என்பதுதான். இன்றைய பிரெஞ்சில் அதே சொல்லுக்கு ஒருமையில் 'தோல்வி' என்று பொருள். யாருடைய கோணத்திலிருந்து அந்தச் சொல் அங்கே வளர்ந்திருக்கிறது என்பது தெரிகிறது.

இங்கிருந்து சொல் இரண்டு வழிகளில் பிரிகிறது. ஒன்று ஆட்டக்காரரின் வாயிலிருந்து எழுந்த குரலின் வழி. மற்றொன்று ஆட்டப் பலகையின் வழி.

குரலின் வழியை முதலில் பார்ப்போம். ராஜாவுக்குச் செக் வைத்தால் எதிராளி தன் திட்டங்களையெல்லாம் நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் செக் என்பதற்கு 'தடை', 'நிறுத்தம்' என்னும் பொருள் முளைத்தது. மோப்பத்தைத் தொலைத்து நின்றுவிட்ட வேட்டை நாயையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். செக்டேம் என்பதில் உள்ளது இந்தப் பழைய பொருள். தடுப்பணை என்ற நம் சொல் அதை அப்படியே பிடித்திருக்கிறது. தடையிலிருந்து கட்டுப்பாடு, கட்டுப்பாட்டிலிருந்து பிழை நேராமல் பார்த்துக்கொள்ளுதல், அதிலிருந்து சரிபார்த்தல் என்று பொருள் படிப்படியாக இறங்கிவந்தது. செக்போஸ்ட்டில் இரண்டும் இன்னும் பிரியாமல் இருக்கின்றன: வண்டியை நிறுத்தாமல் சோதிக்க முடியாது.

பலகையின் வழி இதைவிடச் சுவையானது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இந்தியாவிலும் பாரசீகத்திலும் பலகையில் கோடுகள் மட்டுமே இருந்தன. மாறி மாறி வரும் இரண்டு நிறக் கட்டங்கள் ஐரோப்பாவில் சேர்ந்தவை. பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு எஷெக்கியே என்று பெயர். 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசாங்கத்தின் மொழியில் பிரெஞ்சு கலந்தது. முதலாம் ஹென்றியின் ஆட்சியில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசனுக்கு வரவேண்டிய பணத்தைக் கணக்குப் பார்க்க ஒரு நீண்ட மேசை போடப்பட்டது. பத்து அடி நீளம், ஐந்து அடி அகலம். காசு கீழே விழாமலிருக்க நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கருந்துணி. பென்னி, ஷில்லிங், பவுன், இருபது, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ரோம எண்களை வைத்துக்கொண்டு காகிதத்தில் கூட்டிக் கழிப்பது எவ்வளவு சிரமம் என்பதை ஒருமுறை முயன்றால் தெரியும். அதனால் வில்லைகளைக் கட்டங்களில் வைத்து நகர்த்திக் கணக்கிட்டார்கள். எழுத்தறியாத ஷெரீஃப்பும், அதாவது மாவட்டத்தில் அரசனுக்காகப் பணம் திரட்டிக் கட்டும் அதிகாரியும், தன் கணக்கு எப்படிப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மேசைக்கும், அதைச் சுற்றி நடந்த கணக்கு அலுவலகத்துக்கும் பெயர்தான் எக்ஸ்செக்கர். சதுரங்கப் பலகை என்றே அதற்குப் பொருள். இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் இந்த அலுவலகத்தைப் பற்றி எழுதிய உரையாடல் நூலில் பெயருக்கு விளக்கமும் தருகிறார்: மேசை சதுரங்கப் பலகை போலிருக்கிறது என்பது ஒன்று, பலகையில் இரண்டு அரசர்களுக்கிடையே போர் நடப்பது போல இங்கே கருவூலத் தலைவருக்கும் ஷெரீஃப்புக்கும் இடையே போர் நடக்கிறது என்பது இன்னொன்று. வரி அலுவலகத்தில் எப்போதாவது உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டாவது விளக்கம் நன்றாகப் புரியும். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றே அழைக்கப்படுகிறார்.

அந்த அலுவலகத்தில் ரசீது மரத்தில் இருந்தது. ஒரு குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுகள் போடுவார்கள்: ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, நீளமான பாதியைப் பணம் கட்டியவரிடம் கொடுத்துவிட்டுக் குட்டையான பாதியை அலுவலகம் வைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் கள்ளத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால் மற்றதில் அது இராது. காசோலைப் புத்தகத்தில் கிழித்த பிறகு எஞ்சுவதை நாம் அடிக்கட்டை என்கிறோமே, அங்கே அது மெய்யாகவே கட்டையாக இருந்தது. இந்த முறை 1826 வரை நீடித்தது. தேவையற்றுப்போன குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவையின் கீழிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ மேலே பரவி, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி, நாடாளுமன்ற அவைகள் உட்பட, சாம்பலாயிற்று. பழைய கணக்கை அழிக்கப் போய் நாடாளுமன்றத்தையே எரித்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

இனி காசோலைக்கு வருகிறேன். பிரிந்த இரண்டு வழிகளும் இங்கேதான் மீண்டும் சந்திக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது நாம் எழுதிக் கொடுக்கும் தாளைக் குறிக்கவில்லை. அதன் அடிக்கட்டையைக் குறித்தது. மோசடியைத் தடுக்கவும் சரிபார்க்கவும் உதவியதால் அந்தப் பெயர். பின்னர் அடிக்கட்டையின் பெயர் முழுத்தாளுக்கும் தாவியது. இது குரலின் வழி. ஆனால் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் நடுவே கியூ என்னும் எழுத்து வருகிறதல்லவா, அது எக்ஸ்செக்கரைப் பார்த்துச் சேர்த்தது; அது பலகையின் வழி. லண்டன் வங்கியாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட், பெரும்பாலோர் வேறு விதமாக எழுதினாலும், குழப்பம் வராமலிருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்துப்போகவும் இந்த எழுத்துக்கூட்டலைத் தாம் கையாள்வதாக 1820களிலேயே விளக்கியிருக்கிறார். அமெரிக்கர்கள் கியூவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உணவகத்தில் வரும் பில்லையும் அவர்கள் செக் என்பதால், அங்கே செக்குக்குச் செக் கொடுக்க முடியும்.

காசோலை என்பது அரபு மொழியின் ஸக் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்ற விளக்கமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸக் என்பது எழுத்துவழிப் பணஆணையைக் குறித்த உண்மையான சொல்தான். அரபு வணிகர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஆங்கிலச் சொல் முதலில் அடிக்கட்டையைக் குறித்தது என்பதையும், எழுத்துக்கூட்டலின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அந்த விளக்கம் ஒலியொற்றுமையாக மட்டுமே தெரிகிறது.

துணிக்கு வந்துவிடுகிறேன். பலகையின் இருநிறக் கட்டங்களிலிருந்துதான் கட்டம் போட்ட துணியும் செக் ஆயிற்று. இதில் நமக்கு உண்மையான பங்கு உண்டு: ஆங்கில ஆடையுலகில் மெட்ராஸ் என்றாலே கட்டம் போட்ட பருத்தித் துணி. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் இங்கிருந்து போன கட்டத்துணி, நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் இன்ஜிரி என்ற பெயரில் சடங்குத் துணியாகவே ஆகிவிட்டது. அவர்கள் அதிலிருந்து சில நூல்களை மட்டும் நுணுக்கமாக வெட்டி எடுத்துப் புதிய கோலங்களை உண்டாக்குகிறார்கள். தமிழிலும் தாயம் ஆடும் கட்டமும் லுங்கியின் கட்டமும் ஒரே சொல்தான். பிரெஞ்சுக்காரரிடம் கேட்டு நாம் அப்படி வைக்கவில்லை.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். செக் குடியரசின் பெயர் ஒரு ஸ்லாவிய இனப்பெயர். அதற்கும் அரசனுக்கும் தொடர்பில்லை. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு தூய தமிழ்ச் செக்கு, அதற்கும் தொடர்பில்லை.

நம் காசோலை என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. காசும் ஓலையும் சேர்ந்த அந்தச் சொல்லில் அரசனும் இல்லை, பலகையும் இல்லை. மன்னனின் ஆணை ஓலையில் வந்த காலத்தின் நினைவு மட்டும் இருக்கிறது. என்னுடைய ஓலையை நேற்று மறுபடி எழுதி, வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்தைப் பார்த்து அதேபோல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரவில்லை. நன்றி, வணக்கம்.