“கடல் எல்லாருக்கும் பொது” என்ற ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் செய்தது என்ன?

(யாழ்ப்பாணக் கோட்டை மதில். பின்னால் பண்ணைக் கடல்.)

வணக்கம் உறவுகளே. என் பின்னால் தெரிகிற இந்தக் கடல் யாருக்குச் சொந்தம்? “கடல் யாருக்கும் சொந்தமில்லை” என்று உலகத்துக்கே வாதம் எழுதிக் கொடுத்தவர் ஓர் ஒல்லாந்தர். 1658 இல் இந்தக் கோட்டையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் சரக்குத் தோணிகள் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் ஓட வேண்டும் என்றவர்களும் ஒல்லாந்தர்தான்!

உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, கொஞ்சம் நில்லுங்கள். இறைமை, யதார்த்தவாதம், சர்வதேசச் சட்டம் என்று நீங்கள் மனப்பாடம் செய்கிற சொற்கள் எல்லாம் இந்த ஒரு கதைக்குள் இருக்கின்றன.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தன் எல்லைக்குள் ஒவ்வோர் அரசும் தானே தலை, அது இறைமை. அரசுகளுக்கு மேலே இன்னோர் அரசாங்கம் கிடையாது. அதற்குப் பெயர் அராஜக நிலை. கலவரம் என்று பொருளில்லை, மேலே ஆள் இல்லை, அவ்வளவுதான். சரி, கதைக்கு வருவோம்.

1603. சிங்கப்பூருக்குப் பக்கத்தில் ஒரு போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் மடக்கிப் பிடிக்கிறார்கள். உள்ளே சீனப் பட்டு, பீங்கான் என்று ஏராளமான பொருள். இது களவா, நியாயமா? ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஒரு வக்கீல் தேவைப்படுகிறார். வந்தவர் ஹியூகோ குரோஷியஸ். வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அவருடைய வாதம் எவ்வளவு அழகு என்று பாருங்கள்: காற்றை யாரும் பிடித்து வைக்க முடியாது, கடலும் அப்படித்தான், ஆகவே கிழக்குக் கடல் எங்களுடையது என்று போர்த்துக்கேயர் சொல்வது செல்லாது. 1609 இல் இது அச்சில் வந்தது. கடற்சட்டத்தின் அத்திவாரம் என்று இன்றைக்கும் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக்கு வருகிறார்கள். மன்னார் முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் கம்பனியின் கைக்குப் போகின்றன. யானை வியாபாரமும் கம்பனிக்கு. அடுத்த கரைக்குப் போய் வியாபாரம் செய்த எங்கள் ஆட்களுக்குச் சீட்டு. போர்த்துக்கேயரிடம் இருந்தபோது பொதுவாக இருக்க வேண்டிய கடல், தங்கள் கைக்கு வந்ததும் பூட்டப்பட்டுவிட்டது. யதார்த்தவாதிகள் சொல்வதும் இதுதான்: பலம் உள்ளவன் தனக்குத் தோதானபோது சட்டத்தைப் பேசுவான், தோதில்லாதபோது மறந்துவிடுவான். இந்த மதிலைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்பாடு புரிகிறது. அடுத்த முறை கோட்டைக்குப் பொழுதுபோக்க வந்தால் நீங்களும் தொட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் கரைநாட்டுக்கு எவ்வளவு கடல் தெரியுமா? கரையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு! அதுவே பிறகு 3 கடல் மைல் என்று நிலைத்தது.

ஆனால் யதார்த்தவாதிகள் சொல்வதோடு கதை முடியவில்லை. 1967 இல் ஐ.நா. பொதுச்சபையில் மோல்ட்டாவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ எழுந்து, ஆழ்கடலின் அடித்தளம் மனிதகுலம் முழுவதற்கும் பொதுச் சொத்தாக வேண்டும் என்றார். மோல்ட்டா எங்கள் யாழ் மாவட்டத்தைவிடச் சிறிய நாடு. சுதந்திரம் கிடைத்து மூன்றே வருடம். அந்தப் பேச்சு மூட்டிய அசைவுதான் 1973 இல் பெரிய கடற்சட்ட மாநாடாக மாறியது. அதன் முதல் தலைவர் யார்? இலங்கையரான ஷேர்லி அமரசிங்க! 1980 இல் இறக்கும்வரை அவரே தலைவர். இதை எங்கள் பாடசாலைகளில் ஏன் உரத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்த மாநாட்டில் உருவான உடன்படிக்கைதான் கடற்சட்டச் சமவாயம். 1982 இல் கையெழுத்தாகி 1994 இல் நடைமுறைக்கு வந்த அது, கரைநாட்டின் இறைமைக்கு உட்பட்ட 12 கடல் மைல் ஆட்புலக் கடலையும், மீன் முதலிய வளங்களை எடுக்கும் உரிமையுள்ள 200 கடல் மைல் வரை பொருளாதார வலயத்தையும் கொடுத்தது. அமெரிக்கா இன்னும் அதில் சேரவில்லை. தென்சீனக் கடல் வழக்கில் 2016 இல் வந்த தீர்ப்பைச் சீனா ஏற்கவில்லை. மேலே ஆள் இல்லை என்றேனே, அதுதான்.

(படகுகள். குருநகர் இறங்குதுறை.)

இனி எங்கள் வீட்டுக் கதை. பாக்கு நீரிணையில் இரண்டு நாட்டுக்கும் 200 மைல் கொடுக்க இடமேது? சமவாயம் வருவதற்கு முன்பே, 1974 இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் எல்லைக்கோட்டுக்கு உடன்பட்டார்கள். கச்சதீவு இந்தப் பக்கம் வந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் அங்கே வந்து போகலாம் என்று 5 ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தோனியார் திருவிழாவில் இரண்டு கரையும் சந்திப்பது அந்த ஒரு வரியின் புண்ணியம். 1976 இல் மன்னார் வளைகுடாவுக்கும் கோடு வந்தது. அடுத்தவர் கடலில் மீன்பிடிக்கக்கூடாது என்று கடிதமும் பரிமாறினார்கள்.

கடலில் போட்ட இந்த எல்லைக்கோடு எந்த வலைக்கும் தெரிவதில்லை. போர்க்காலத்தில் கடலே மூடப்பட்டிருந்த எங்கள் தொழிலாளர்கள், 2009 இற்குப் பிறகு வலை போட்டால் தமிழ்நாட்டு இழுவைப்படகு வந்து அறுத்துக்கொண்டு போகிறது. கடலின் அடியைச் சுரண்டும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. அங்கிருந்து வந்தவர்கள் பிடிபட்டு ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். படகு போய்விட்டால் அந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. இரண்டு வலியும் உண்மை. ஆனால் கடலின் அடித்தளம் அழிவதை நான் ஒருபோதும் நியாயப்படுத்தமாட்டேன்.

சர்வதேசச் சட்டத்தின் மேசையில் நாற்காலி அரசுகளுக்கே. வலை அறுந்தவருக்கு இல்லை. அப்படியிருந்தும் 2010 இல் தமிழ்நாட்டு மீனவர் குழு இங்கே வந்தது. 2014 இல் எங்கள் ஆட்கள் சென்னைக்குப் போனார்கள். இரண்டு நாட்டுக்காரர், ஒரு மேசை, மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்லாத சர்வதேசப் பேச்சுவார்த்தை! எட்டிய இணக்கங்கள் நடைமுறையில் நிலைக்கவில்லை.

1974 இற்கு முன்னர் கடலுக்குப் போன அப்பப்பாவோ அம்மப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், கோடு இல்லாத நாளில் எங்கே போய் வலை போட்டார்கள், அந்தக் கரை ஆட்களோடு எப்படிப் பழகினார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியை அந்தக் கதைகளை வைத்தே செய்யப்போகிறேன்.