வாடகை நிலத்தில் ஒரு சிறை

(சட்ட மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 'பிடித்து வைத்திருக்கும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, ஏன் பிடித்தாய் என்று சொல்.' அவ்வளவுதான். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க லக்தர் பூமெதியென் ஏழு வருடம் காத்திருந்தார்.

அல்ஜீரியாவில் பிறந்தவர். போஸ்னியாவில் செம்பிறைச் சங்கத்தில் (முஸ்லிம் நாடுகளின் செஞ்சிலுவைச் சங்கம் அது) வேலை. அமெரிக்கத் தூதரகத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதாக 2001 அக்டோபரில் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் கைது செய்தார்கள். ஆதாரம் இல்லை என்று 2002 ஜனவரியில் போஸ்னிய உச்ச நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. விடுவித்தார்கள், கையோடு அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தும் விட்டார்கள்! போர்க்களத்தையே பார்க்காத மனிதர் 'எதிரிப் போராளி' ஆகி, குவாண்டனாமோவில் உள்ள அமெரிக்கச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சரி, ஏன் குவாண்டனாமோ? 1903இல் கியூபாவிடம் அமெரிக்கா குத்தகைக்கு எடுத்த இடம் அது. வருடத்துக்கு 4,085 டாலர் காசோலை போகிறது. கியூபா பல பத்தாண்டுகளாக அதை வங்கியில் போடுவதே இல்லை. 'நிலம் கியூபாவுடையது, எங்கள் நீதிமன்றத்துக்கு அங்கே வேலை இல்லை' என்பது அமெரிக்க அரசின் வாதம். வீட்டுக்காரர் வாசற்படி மிதிக்க முடியாத வாடகை வீடு! வேண்டுமென்றே தேடிப் பிடித்த இடம் என்றுதான் நான் சொல்வேன்.

பிடிபட்டவர் போர்க்கைதியா என்பதில் சந்தேகம் வந்தால் தகுதியுள்ள தீர்ப்பாயம் முடிவு செய்யட்டும் என்கிறது போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1949இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், 5ஆம் பிரிவு. தாலிபான் கைதிகள் யாருமே போர்க்கைதிகள் அல்ல என்று 2002 பிப்ரவரியில் அதிபர் புஷ் மொத்தமாக அறிவித்துவிட்டார். சந்தேகமே இல்லையாம்!

நாமும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். நெருக்கடி நிலையில், 1976இல், ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. மறுத்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான்.

பூமெதியென் உண்ணாவிரதம் இருந்தார். மூக்கு வழியே குழாய் செருகி உணவு ஏற்றினார்கள். 2008 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது: அந்த இடத்தை ஆள்வது அமெரிக்கா, ஆகவே மனு அங்கேயும் செல்லும்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வழக்கு விசாரணைக்கு வந்தது நீதிபதி ரிச்சர்ட் லியோன் முன்பு. 2005இல் இதே மனுவைத் தள்ளுபடி செய்தவர் அவர்தான். தூதரகக் குண்டுக் கதையை அரசே கைவிட்டிருந்தது. இவர்கள் ஆப்கானிஸ்தானுக்குச் சண்டையிடப் போக இருந்தார்கள் என்பதே மிச்சம். பூமெதியென் உட்பட ஐந்து பேர் விஷயத்தில் அதற்கு ஆதாரம், பெயர் சொல்லப்படாத ஒரே ஒரு ஆள் கொடுத்த தகவல். அந்த ஐந்து பேரையும் விடச் சொன்னார் லியோன்.