தொண்ணூறாவது ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்து பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு, "நான் பார்த்த கால்பந்து வேறயாச்சே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். பரவாயில்லை என்றார்கள். நான் சொல்லப்போவது அமெரிக்கக் கால்பந்து. பேரில்தான் கால் இருக்கிறது, பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். முட்டை மாதிரி ஒரு பந்து. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். பதினொரு பேர் எதிரே நிற்கிற பதினொரு பேர் மீது மோதி, கஜம் கஜமாக நிலம் பிடிக்க வேண்டும். கபடிப் பாட்டில்லாமல், கவசம் மாட்டிய கபடி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதிகளை விளக்கப் போவதில்லை. ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை ஒரு பயிற்சி முகாம் நடக்கும். அந்த முகாமையும், அதன் வேலி ஓரத்தில் நின்று ஜனங்கள் பேசுகிற பேச்சையும் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். அங்கே ஒரு காகித ஆலையில் கருவிகளைப் பராமரிக்கிற வேலையில் சில வருஷம் இருந்தேன். காகித ஆலைகளுக்குப் பேர் போன ஊர்தான், ஆனால் யாரும் அதைச் சொல்லி அந்த ஊரை அடையாளம் காட்ட மாட்டார்கள். பேக்கர்ஸ் ஊர் என்பார்கள், அந்த ஊர்க் கால்பந்து அணியின் பேர் அது. ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். அவர்களுடைய லாம்போ ஃபீல்ட் மைதானத்தில் 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். நியூயார்க், சிகாகோ மாதிரி பெருநகரங்கள் கோடீஸ்வரர்கள் கையில் அணிகளை வைத்திருக்கிற என்.எஃப்.எல் என்ற லீகில், இந்தச் சின்ன ஊர் அணிக்கு மட்டும் முதலாளி என்று தனியாக ஒருத்தர் கிடையாது. 1919இல் ஆரம்பித்தபோது, இறைச்சியை டப்பாவில் அடைக்கிற கம்பெனி ஒன்று சீருடைக்குக் காசு கொடுத்தது. 'பேக்கர்ஸ்' என்ற பேர் அப்படி வந்தது. 1923இல் ஊர்க்காரர்களுக்கே பங்கு விற்றார்கள். இன்றைக்குப் பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்தப் பங்குக்கு டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், அப்படித்தான் மாட்டியிருந்தார், பூஜை அறைப் படம் மாதிரி.

முகாம் எப்படி இருக்கும் என்று நான் அவரைக் கேட்டேன். விளக்கமெல்லாம் சொல்லவில்லை. மறுநாள் காலை என்னையும் பேரனையும் காரில் ஏற்றிக்கொண்டார். டிக்கியில் பையனுடைய சைக்கிள்.

சைக்கிள் எதற்கு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வீரர்கள் உடை மாற்றுகிற இடம் மைதானத்துக்குள்ளே இருக்கிறது. பயிற்சித் திடல் தெருவுக்கு எதிர்ப்பக்கம். நடுவில் பெரிய வாகன நிறுத்தம். வாசலில் நூறு பிள்ளைகள் சைக்கிளோடு வரிசையில் நிற்கிறார்கள். வீரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு பிள்ளையின் சைக்கிளை வாங்கி, அதில் ஏறித் திடலுக்கு மிதிக்கிறார்கள். சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பிள்ளை அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வர வேண்டும். 1960களில் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். நூற்று முப்பது நாற்பது கிலோ மனிதர் எட்டு வயசுப் பிள்ளை சைக்கிளில் போவதை நீங்கள் பார்க்க வேண்டும். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடிக்கும். டயர் பாதி அமுங்கிப்போகும். மணி மட்டும் 'கிணிங் கிணிங்' என்று சின்னதாக ஒலிக்கும்.

பிள்ளைகள் கவனிக்காத ஒரு விஷயத்தைத் தபால்காரர் காட்டினார். பெரிய பேர் எடுத்த வீரர் வரும்போது வரிசை முழுக்கச் சத்தம் போடும், அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். புதுப் பையன்கள் அப்படியில்லை. எந்தச் சைக்கிள் என்று தெரியாமல் தயங்கி நிற்பார்கள், பிள்ளையிடம் பேர் கேட்பார்கள், போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போவார்கள். "இவங்களுக்கும் இது முதல் தடவை. நிறைய பேருக்கு இதான் கடைசியும்" என்றார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். முகாமுக்கு ஓர் அணி 90 பேரைச் சேர்க்கலாம். ஆகஸ்ட் கடைசியில் 53 பேர்தான் இருக்க வேண்டும். ஓர் அணியில் 37 பேர் வெளியே. லீகில் 32 அணிகள். பெருக்கிப் பாருங்கள், 1,184 வருகிறது. ஏறக்குறைய அத்தனை பேருக்கும் அந்த மாதக் கடைசியில் அணியில் இடம் போகிறது. எல்லோருமே கல்லூரியில் ஊர் மெச்ச ஆடியவர்கள்தான். முகாமில் ஒரே சட்டை எண்ணை இரண்டு பேர் போட்டிருப்பார்கள். ஒருவர் தாக்கும் பக்கம், ஒருவர் தடுக்கும் பக்கம். எண் போதாது. பேக்கர்ஸில் பழைய நட்சத்திரங்களுக்கு மரியாதையாக ஆறு எண்களை வேறு யாருக்கும் தராமல் எடுத்து வைத்துவிட்டார்கள், அதனால் தட்டுப்பாடு இன்னும் கூடுதல். தனக்கென்று ஓர் எண்கூட இல்லாமல் ஒருவன் அந்த வெயிலில் ஓடுகிறான் என்பது எனக்கு முதல் நாளே உறைத்தது.

நான் சொல்கிற முகாம் 2023இல் நடந்தது. அந்த வருஷம் வேலி ஓரத்தில் யாரைக் கேட்டாலும் ஜோர்டன் லவ் பற்றித்தான் பேச்சு. பந்தை எறிகிற தலைமை ஆட்டக்காரரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். அந்த இடத்தில் பதினைந்து வருஷம் இருந்த ஏரன் ராட்ஜர்ஸ் ஏப்ரலில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் பின்னால் காத்திருந்த லவ் முன்னால் வந்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், ராட்ஜர்ஸும் இப்படித்தான் மூன்று வருஷம் பிரெட் ஃபாவ்ரேக்குப் பின்னால் காத்திருந்தார். 2008 மார்ச்சில் ஃபாவ்ரே ஓய்வு என்று அறிவித்தார். முகாம் தொடங்குகிற நேரத்தில், திரும்ப வருகிறேன் என்றார். அணி நிர்வாகம் ராட்ஜர்ஸ்தான் என்று உறுதியாக நின்றது. ஊர் இரண்டாகப் பிளந்தது. ராத்திரியில் குடும்பத்தோடு வந்து பயிற்சி பார்க்க ஒரு நாள் வைப்பார்கள், அன்றைக்குச் சொந்த மைதானத்திலேயே ராட்ஜர்ஸைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அதே மாலை ஃபாவ்ரேயின் விமானம் ஊரில் இறங்க, ஒரு கூட்டம் விமான நிலைய வேலியில் போய் நின்றது. மூன்று நாளில் அவரை ஜெட்ஸுக்கே அனுப்பிவிட்டார்கள். ஆமாம், அதே ஜெட்ஸ். ராட்ஜர்ஸ் 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கோப்பையை, அதாவது லீகின் இறுதி ஆட்டக் கோப்பையை, கொண்டுவந்து வைத்தார்.

"அன்னைக்குக் கூச்சல் போட்டதுல நானும் ஒருத்தன்" என்று தபால்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். அவரை மாதிரி அங்கே பல பேர் இருந்திருக்க வேண்டும். லவ் அடுத்தடுத்து இரண்டு பந்தை ஆளில்லாத இடத்தில் எறிந்தபோதுகூட யாரும் வாய் திறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் லவ் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? அவர் இடம் உறுதி. வாதம் சூடு பிடிப்பது பட்டியலின் அடியில். ஐம்பதாவது, ஐம்பத்தொன்றாவது, ஐம்பத்திரண்டாவது, ஐம்பத்து மூன்றாவது இடம் யாருக்கு? ஆளாளுக்குக் கையில் மடித்த தாள், அதில் தொண்ணூறு பேர். ஒவ்வொருவரும் ஒரு பேர் தெரியாத பையனைத் தத்து எடுத்துக்கொள்கிறார்கள். அவன் எந்தச் சின்னக் கல்லூரி, எத்தனை பந்து பிடித்தான், எத்தனை விட்டான், எல்லாம் விரல் நுனியில். பொண்ணு பார்த்துவிட்டு வந்த வீட்டில் மாமாக்கள் பேசுகிற மாதிரியே இருக்கும். குறை சொல்பவர் ஒருவர், பூசி மெழுகுபவர் ஒருவர், 'பையன் நல்ல பையன்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவர் ஒருவர். நான் தத்தெடுத்தது ஒரு ரிசீவரை, அதாவது ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிறவனை. ஒற்றைக் கையால் ஒரு பந்தைப் பிடித்தான், நான் கை தட்டினேன்.

தபால்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவன் பந்து பிடிக்கிறதைப் பார்க்காதீங்க. பந்தை உதைச்சப்புறம் எத்தனையாவது ஆளா போய்ச் சேர்றான்னு பாருங்க" என்றார். அதற்கு அப்புறம்தான் எனக்குப் பார்க்கவே தெரிந்தது. பந்தை எதிரிக்கு நீளமாக உதைத்துக் கொடுக்கிற கட்டம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவனை மடக்க வேண்டும். இந்த வேலைக்குத் தனிக் குழு, ஸ்பெஷல் டீம்ஸ் என்று பேர். நட்சத்திரங்களை இதில் அதிகம் போட மாட்டார்கள், அடிபட்டால் நஷ்டம். அப்படியானால் கடைசி நாலைந்து இடம் யாருக்குப் போகும்? இதில் முட்டி மோதத் தயங்காதவனுக்கு. என் ரிசீவர் அழகாகப் பிடித்தான், உதைத்த பந்துக்குப் பின்னால் மட்டும் ஐந்தாவது ஆறாவது ஆளாகத்தான் போய்க்கொண்டிருந்தான். பேரனுடைய சைக்கிளில் போனவன் ஒரு தடுப்பு ஆட்டக்காரன். ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக, இல்லையென்றால் இரண்டாவது ஆளாகப் போய் நின்றான்.

முதல் சில நாள் ஹெல்மெட்டும் அரைக்கால் சட்டையும்தான், தோள் கவசம் கிடையாது. ரசிகர்களுக்கு இது சப்பென்று இருக்கும், கவசம் போடுகிற நாளுக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் அந்த விதி சும்மா வந்ததில்லை. முன்பெல்லாம் வெயிலில் முழுக் கவசத்தோடு ஒரே நாளில் இரண்டு வேளை பயிற்சி. 2001இல் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில், வைக்கிங்ஸ் அணி முகாமில், கோரி ஸ்டிரிங்கர் என்ற 27 வயது வீரர் வெப்பத் தாக்கில் சரிந்தார். உடல் வெப்பம் 108 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. ஆகஸ்ட் முதல் தேதி இறந்துபோனார். பெரிய உருவம், மேலே கவசம், ஈரப்பதம் நிறைந்த காற்று. வேர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு எப்படிக் குளிரும்? நம் கத்திரி வெயில் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 2011இல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கவசத்தோடு இரண்டு வேளை என்பது நின்றது. கவசம் போட்ட முதல் நாள் நானும் போனேன். வேலியிலிருந்து நாற்பது அடி தூரத்தில் இரண்டு பேர் மோதிய சத்தம், லாரியிலிருந்து நெல் மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. கூட்டத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் 'ஊ' என்றார்கள். பேரன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

வேலி ஓரத்து வாதங்களில் கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. தோற்கிற நிலையில் இருப்பவர் அதை எடுப்பார்: "கர்ட் வார்னரை மறந்துட்டீங்களா?" 1994இல் இதே பேக்கர்ஸ் முகாமுக்கு, எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஒரு பையனாக வந்தவர் வார்னர். முன்னால் ஃபாவ்ரேயும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள், இடமே இல்லை, அனுப்பிவிட்டார்கள். ஐயோவாவில் ஒரு பல்பொருள் அங்காடியில் ராத்திரி ஷிப்டில் அலமாரி அடுக்கினார். ஒரு மணி நேரத்துக்கு ஐந்தரை டாலர். அப்புறம் கூரைக்குக் கீழே ஆடுகிற சின்ன லீக், அப்புறம் ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அணி. 1999 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதல் குவார்ட்டர்பேக்குக்கு முன்னோட்ட ஆட்டத்தில் முழங்கால் போக, இவர் உள்ளே வந்தார். அந்தப் பருவம் முடிந்தபோது சூப்பர் பவுல் கோப்பையும், ஆட்ட நாயகன் விருதும் இவர் கையில். அந்த ஒரு கதை அன்றிலிருந்து எத்தனை வாதங்களைக் காப்பாற்றியிருக்கிறது! உண்மையைச் சொன்னால், வார்னர் ஒருவர்தான். அலமாரி அடுக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் ஆயிரம் ஆயிரம். அதை யாரும் வேலி ஓரத்தில் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை.

இன்னொரு பயமும் எல்லோருக்கும் உண்டு. "நாம விட்டா அடுத்த நிமிஷம் சிகாகோக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்." விடப்பட்ட இளம் வீரர்களை மற்ற அணிகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. ஆயிரத்துச் சொச்சம் பேரில் அப்படிக் கேட்கப்படுகிறவர்கள் சில டஜன்தான். நம் வீட்டுப் பையனை ஊரே பொறாமையோடு பார்க்கிறது என்று நினைப்பதில் ஒரு சந்தோஷம்.

தொண்ணூறை ஐம்பத்து மூன்றாக்குகிற வெட்டு நாள் வந்தது. அன்றைக்கு அணி ஊழியர் ஒருவர் தேடி வருவார். கோச் கூப்பிடுகிறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா என்பார். பிளேபுக் என்பது அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய புத்தகம். பிளேபுக்கையும் என்று சொல்லிவிட்டாலே விஷயம் முடிந்தது. இப்போது புத்தகம் டேப்லெட்டாகிவிட்டது, வாக்கியம் மாறவில்லை. நான் ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டியல் பார்த்தேன். என் ரிசீவர் இல்லை. ஒரு நிமிடம் எனக்கே வேலை போன மாதிரி இருந்தது, பக்கத்தில் இருந்தவர் "என்ன ஆச்சு?" என்றார். பேரனுடைய ஆளும் இல்லை. முதல் ஆளாகப் போய் நின்றவன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சைக்கிள் தாழ்வாரத்தில் இருந்தது. அந்த மனிதர் உட்கார்ந்ததில் சீட் கம்பி வளைந்து சீட் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தபால்காரர் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார், பையன் தொட விடவில்லை. விடப்பட்டவர்களில் 16 பேரைப் பயிற்சிக் குழு என்று அணியே திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், அந்தப் பட்டியல் மறுநாள் வரும். "நாளைக்கு வரட்டும் தாத்தா, அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றான்.

மறுநாளும் போனேன். சீட் அப்படியேதான் இருந்தது. பையன் தாத்தாவின் ஃபோனில் எதையோ மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். வரவில்லையா என்று கேட்டேன். நிமிரவில்லை.

"இங்க வரல. இன்னும் முப்பத்தொரு டீம் லிஸ்ட் இருக்கு" என்றான்.

வணக்கம்.