தலைக்கு மேலே கட்டுங்கள்

வணக்கம் நேயர்களே. ரவரில் ஏறுகிறவர்கள், தண்ணீர்த் தாங்கிக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள், அரிசி ஆலைக் கூரையில் சீற் மாற்றுகிறவர்கள், விழாமல் காக்கும் பட்டியைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

பனையில் ஏறத் தளைநார் உதவும். கை நழுவினால் அது ஆளைத் தாங்காது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ற்றும் அப்படித்தான். சாய்ந்து நின்று வேலை செய்ய அது நல்லது. விழும்போதோ முழு அடியும் வயிற்றிலும் முள்ளந்தண்டிலும் இறங்கும். தோள், தொடை இரண்டையும் சுற்றி வந்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே வளையம் உள்ள முழு உடல் பட்டிதான் வேண்டும்.

பட்டி வாங்கியதோடு வேலை முடியாது. 80 கிலோ ஆள் 2 மீற்றர் விழுந்து, இழுபடாத கயிற்றில் 20 சென்ரிமீற்றருக்குள் நின்றால், உடம்பில் சராசரியாக 880 கிலோ பாரம் ஏறும். இதைக் குறைக்கத்தான், பட்டியையும் கொக்கியையும் இணைக்கும் கயிறான லேன்யார்ட்டில், மடித்துத் தைத்த ஷொக் அப்சோபர் (அதிர்ச்சி தாங்கி) இருக்கிறது. தையல் கிழியக் கிழிய வேகம் அடங்கும். ஐரோப்பிய நியமப்படி பாரம் ஏறத்தாழ 600 கிலோவைத் தாண்டக்கூடாது.

ஆனால் அந்தக் கிழிசலுக்கு இடம் வேண்டுமே! கொக்கியைக் கால்மட்டத்தில் மாட்டியிருந்தால் கணக்கு இது: லேன்யார்ட் 2 மீற்றர், அப்சோபர் நீள்வது 1.75, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, பாதுகாப்புக்கு மிச்ச இடம் ஒரு மீற்றர். எல்லாம் சேர 6.25 மீற்றர். உங்கள் கூரை 5 மீற்றர் என்றால், அப்சோபர் விரிந்து முடியுமுன் கால் நிலத்தில் அடிபடும். அதே கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் வெகுவாகக் குறையும். காசு செலவில்லாத பாதுகாப்பு இதுதான். இதைத்தான் பலரும் செய்வதில்லை.

மாட்டும் இடம் உறுதியான இரும்புச் சட்டமாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு, உக்கிய சிலாகை வேண்டாம். ரவரில் கவை மாதிரி இரண்டு கொக்கி உள்ள லேன்யார்ட்டைப் பாவியுங்கள். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். சும்மா இருக்கும் கொக்கியைப் பட்டியின் இடுப்பு வளையத்தில் மாட்டாதீர்கள். விழுந்தால் லேன்யார்ட்டின் அந்தக் கிளை இழுபட்டு, அப்சோபரை விரிய விடாது. அதற்கென்றே பட்டியில் எளிதில் கழன்றுவிடும் தனி மாட்டி இருக்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல பொலிபுரப்பிலீன் கயிறு மாடு கட்டத்தான். நம் வெய்யிலில் அது பொரிந்து தூளாகும். முடிச்சுப் போட்டால் எந்தக் கயிறும் பலத்தில் கணிசமான பங்கை இழக்கும். நைலோன் பட்டியை ட்ரக்டர் பற்றரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அமிலம் அதைத் தின்றுவிடும். ஏறுமுன் பட்டியை வளைத்துப் பாருங்கள்: அறுந்த நூல், நிறம் வெளிறிய இடம், விறைத்த இடம் கண்டால் விலக்குங்கள். ஒருமுறை ஆளைத் தாங்கிய பட்டியையும் லேன்யார்ட்டையும் வெட்டிப் போடுங்கள். சும்மா எறிந்தால் யாராவது எடுத்துக் கட்டுவார்கள்.

கடைசியாக, தொங்குகிறவரை இறக்குவது யார், எப்படி என்பதை ஏறுமுன்னே பேசி வையுங்கள். அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். சுயநினைவு இருந்தால், கயிற்றில் ஒரு கண்ணி போட்டு அதில் காலை ஊன்றி எழச் சொல்லுங்கள். அம்புலன்சுக்கு 1990. அது வரும்வரை காத்திராமல் இறக்கத் தொடங்குங்கள்.