கீமோ நடக்குது, அப்பா சாப்பிடுறார்... அப்புறம் ஏன் இளைக்கிறார்?

வணக்கம் மக்களே! கணையத்துல புற்றுநோய். கீமோ ஓடுது, வேளாவேளைக்குச் சாப்பாடும் போகுது, ஆனா அப்பாவுக்குச் சட்டை தொளதொளன்னு ஆயிட்டே வருது. "கீமோன்னா அப்படித்தான்"னு சொந்தக்காரங்க சொல்வாங்க. அதோட விட்டுடாதீங்க.

கணையம் இன்சுலினும் சுரக்கும், ஜீரண நீரும் சுரக்கும். அந்த ஜீரண நீர் குடலுக்குப் போற குழாயைக் கட்டி அடைச்சா, சாப்பிட்ட கொழுப்பு உடம்புல ஒட்டாது. பாடம் முடிஞ்சது.

அறிகுறி எங்க தெரியும்? பாத்ரூம்ல. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையா மிதக்கும், ஃப்ளஷ் பண்ணினாலும் லேசுல போகாது. நம்ம ஊர் அப்பாங்க அரசியல் பேசுவாங்க, இதைப் பேச மாட்டாங்க. நீங்களே கேட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இதுக்கு, சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற என்சைம் கேப்சூல் எழுதித் தருவாங்க. 10,000, 25,000னு போட்டிருந்தா மிரளாதீங்க, அது மில்லிகிராம் இல்ல. கொழுப்பைச் செரிக்கிற லைபேஸோட யூனிட்.

[திரையில்: முதல் வாய் சோறு]

எப்போ போடணும்? முதல் வாய் சோத்தோட! மத்த மாத்திரையோட சேர்த்து சாப்பிட்டு முடிச்சப்புறம் குடுத்தா, பந்தி முடிஞ்சதும் இலை போட்ட கதைதான். ரெண்டு எழுதியிருந்தா ஒண்ணு முதல் வாயில, இன்னொண்ணு பாதிச் சாப்பாட்டுல. பால், பஜ்ஜிக்கும் வேணும். கேப்சூலைப் பிரிச்சுக் கொதிக்கிற கஞ்சியில கொட்டாதீங்க, சூட்டுல என்சைம் வீணாயிடும்.

அப்புறம் நம்ம பத்தியம்! எண்ணெய் கட், நெய் கட், ரசஞ்சாதம் மட்டும். எனக்குக் கோபமே வரும். தெம்பு வேணுங்கிற ஆளைப் பட்டினி போடுறோம். கேப்சூல் சரியா போட்டா முட்டை, நெய், தயிர் எல்லாம் சாப்பிடலாம். சுகர் இருந்தா டயட்டீஷியனைக் கேட்டுக்கோங்க.

ஒரு அதிர்ச்சி: இந்த என்சைமைப் பன்றியோட கணையத்துல இருந்துதான் எடுக்கிறாங்க. சைவமோ, இஸ்லாமியக் குடும்பமோ, அப்பாகிட்ட மறைக்காதீங்க. டாக்டரையும் வச்சுப் பேசுங்க, முடிவை அப்பாவே எடுக்கட்டும். உங்க வீட்ல என்ன முடிவு பண்ணீங்க? கமெண்ட்ல எழுதுங்க.

கீமோவுக்கு வருவோம். ஃபோல்ஃபிரினாக்ஸ்னு ஒரு கீமோ குடுப்பாங்க. அதுன்னா நாலு மருந்து சேர்ந்தது, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதுல ஒண்ணு பம்ப்ல 46 மணி நேரம் ஏறும். இன்னொண்ணு ஆக்சாலிபிளாட்டின். அது ஏறின சில நாளைக்கு ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சா தொண்டை இறுக்கிப் பிடிக்கும், சில்லுன்னு எதைத் தொட்டாலும் விரல் சுருக்குனு குத்தும். ஃப்ரிட்ஜைத் திறக்குற வேலை உங்களோடது.

ரேடியேஷன்? வெளியில இருந்து மெஷின்ல குடுக்கிறதுனா உடம்புல கதிர் தங்காது. பேரப்பிள்ளையை மடியில உட்கார வைக்கலாம். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருந்தா மட்டும் வேண்டாம்.

காய்ச்சல்னதும் ஞாபகம் வருது, வீட்ல தெர்மாமீட்டர் இருக்கா? கீமோ நடக்கிறப்போ 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினா, பாராசிட்டமால் குடுத்துட்டு "காலையில பாப்போம்"னு தூங்கிடாதீங்க. வெள்ளை அணு குறைஞ்ச உடம்புல கிருமி வேகமா பரவும். ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டு வண்டியை எடுங்க. கீமோ ஃபைல் கையில இருக்கட்டும்.