தெர்மோகோல் மாப்பிள்ளை

நடுவர் அவர்களே, எதிரணியில் சர்க்கரைப் பாகாய் இனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, முன்வரிசை, பின்வரிசை, நின்றுகொண்டிருக்கும் வரிசை எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்துக்கே ஒரு நிமிடம் செலவானால் நடுவர் மணியில் கைவைத்துவிடுவார். ஆகவே அதிலும் சிக்கனம்.

"கல்யாண கேக்கில் காசு மிச்சம் பிடிப்பது கெட்டிக்காரத்தனமா, கஞ்சத்தனமா?" இதுதான் தலைப்பு. கெட்டிக்காரத்தனமே என்று பேச என்னை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அங்கேயும் நன்றாகத்தான் பேசியிருப்பேன். அது வேறு விஷயம்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள், விசிலடித்தவர் யார் என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறேன். "மூன்று அடுக்கு கேக்கில் இரண்டு அடுக்கு தெர்மோகோலாம். அப்படியானால் மாப்பிள்ளையையும் தெர்மோகோலில் செய்து நிறுத்துவீர்களா?" இதுதான் கேள்வி. கேட்டுவிட்டு ஜம்மென்று போய் உட்கார்ந்துவிட்டார்.

தெர்மோகோல் என்றதும் நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அம்மையாரே, தெர்மோகோல் மாப்பிள்ளை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்வீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். கனம் கிடையாது. வெயிலும் தாங்குவார், குளிரும் தாங்குவார். வைத்த இடத்தில் இருப்பார். "உங்க அம்மா எப்ப கிளம்புறாங்க?" என்று கேட்க மாட்டார். கோபம் வந்தால் தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம், தானாக இறங்கி வரமாட்டார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும், பத்து வருடம் குடும்பம் நடத்திக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை! அதோ, மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருப்பவரை ஏற இறங்கப் பார்க்கிறார். ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களைச் சொல்லவில்லை.

சரி, சிரித்தது போதும். பொய் அடுக்கு வைப்பது கேவலம் என்கிறாரே, அதை ஆரம்பித்து வைத்தது யார் தெரியுமா? அரண்மனை! 1840-இல் விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம். கேக் 300 பவுண்டு, கிட்டத்தட்ட 136 கிலோ. சுற்றளவு மட்டும் 9 அடி. ஆனால் ஒரே தட்டுதான், அடுக்கு இல்லை. 1858-இல் அந்த மகாராணியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். அடுக்கடுக்காகக் கோபுரம் மாதிரி கேக் நிற்கிறது. எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். அடியில் இருந்தது கேக், மேலே இருந்ததெல்லாம் வெறும் சர்க்கரைக் கட்டடம்! எல்லா அடுக்கும் நிஜ கேக்காக ஒன்று அந்த அரண்மனைக்கு வந்தது 1882-இல், மகாராணியின் கடைசி மகன் லியோபோல்டு கல்யாணத்துக்குத்தான். அதுவரைக்கும் மகாராணி வீட்டுச் சம்பந்தி யாராவது "மாப்பிள்ளையையும் சர்க்கரையில் செய்வீர்களா?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. பெரிய இடம், வாயைத் திறக்கவில்லை. எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன். 1940-இல் கேக் மேல் ஐசிங் போடுவதற்கே அரசாங்கம் தடை போட்டுவிட்டது. என்ன செய்தார்கள்? அட்டையில் மூன்றடுக்குக் கூடு செய்து வெள்ளை பூசி, வாடகைக்கு விட்டார்கள். உள்ளே ஒரு சின்ன கேக். போட்டோ எடுக்கும்வரை மூடி, எடுத்து முடித்ததும் திற. அடுத்த கல்யாணத்துக்கு அதே கூடு. அந்த அட்டைக்கு முன்னால் கைபிடித்து நின்றவர்களெல்லாம் கஞ்சர்களா நடுவர் அவர்களே?

உடனே எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னது ஞாபகம் வரும். "ரேஷன் காலத்திலேயே, 1947-இல், எலிசபெத் இளவரசி 9 அடி உயர கேக் வெட்டினாரே!" வெட்டினார். ஐயா, அந்த கேக்குக்கு வேண்டிய பொருள்களை ஆஸ்திரேலியாவிலிருந்து சாரணியர் அன்பளிப்பாக அனுப்பினார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் கடல் கடந்து யாராவது சர்க்கரை அனுப்பட்டும், நானே வந்து 9 அடிக்கு ஏணி பிடிக்கிறேன்.

கணக்குக்கு வாருங்கள். கேக் செய்கிறவர்கள் கல்யாணத் துண்டு என்றால் ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் என்றுதான் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். 6 அங்குல வட்டத்தில் 12 துண்டு, 8-இல் 24, 10-இல் 38. மூன்று அடுக்கும் நிஜமாகவே இருந்தாலும் 74 பேருக்குத்தான் வரும். 200 பேர் வருகிறார்கள் என்றால் 14 அங்குலத்திலிருந்து ஆரம்பித்து ஐந்தடுக்கு எழுப்ப வேண்டும். காசு போவது மாவுக்கும் முட்டைக்கும் இல்லை, கைவேலைக்கு. ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரைப் போர்வையைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, சர்க்கரையில் ரோஜா இதழ் இதழாக உருட்டி, ஓர் அடுக்கு இன்னொன்றில் அமிழாமல் உள்ளே குச்சி நட்டு, அட்டை வைத்து, வண்டியில் குலுங்காமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இவ்வளவும் எதற்கு? கடைசி வரிசையில் இருப்பவர் தட்டில் இரண்டங்குலம் விழுவதற்கு. அவருக்கு அது ஐந்தாவது அடுக்கா, அடுப்படித் தட்டா என்று தெரியுமா?

ஆகவே மேடையில் சின்னதாக ஒன்று, அடுப்படியில் அதே மாவில் பெரிய செவ்வகத் தட்டுகளாக மீதி, வெட்டித் தட்டில் வைத்துவிட்டால் அடையாளமே தெரியாது. சர்க்கரை ரோஜாவுக்குப் பதில் நிஜப் பூ. ஆனால் எந்தப் பூ என்று கேட்டு வையுங்கள், அரளியைச் செருகிவிட்டால் மிச்சம் பிடித்தது ஆஸ்பத்திரிக்குப் போகும். ஃபாண்டன்டுக்குப் பதில் வெண்ணெய் கிரீம். 2018-இல் இளவரசர் ஹாரி கல்யாணத்தில் வெண்ணெய் கிரீமும் நிஜப் பூவும்தான். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உருகி ஓடிவிடும்.

அவ்வளவுதான் வாதம். முடிந்தது. இனிமேல் கதை.

என் தங்கை கல்யாணம். 200 பேர். மேடையில் மூன்றடுக்கு கேக். மேல் இரண்டும் தெர்மோகோல், கீழே இருந்த 10 அங்குலம் மட்டும் நிஜம். மீதித் தேவைக்கு அடுப்படியில் தட்டு தட்டாக கேக் தயார். இந்த ரகசியம் மூன்று பேருக்குத்தான் தெரியும். கேக் செய்தவருக்கு, எங்கள் அப்பாவுக்கு, எனக்கு. எனக்கு ஒரே ஒரு வேலை. வெட்டும் நேரத்தில் பக்கத்தில் நின்று, "கீழே வெட்டுங்க" என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை.

அந்த இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? அடுப்படியில். தட்டு கேக் சரியாக வந்திருக்கிறதா என்று ஓரத்தைப் பிய்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையாக.

மேடையில் போட்டோக்காரர் சொல்லியிருக்கிறார், "மேடம், மேல் அடுக்குல கத்தி வைங்க, அப்பதான் முகமும் கேக்கும் ஒரே ஃபிரேம்ல வரும்." வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கத்தியைப் பிடித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், கத்தி ஐசிங்கில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்புறம் ஒரு சத்தம்.

கிரீ…ச்!

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் கிரீச். பல்லெல்லாம் கூசிப்போய் கைதட்டல் நின்றுவிட்டது. என் தங்கை கத்தியை வெளியே எடுத்தாளா? எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. இன்னும் அழுத்தினாள். கிரீச், கிரீச். மாப்பிள்ளையும் ஒரு கை போட்டார். கிரீச்ச்ச். பின்னால் ஒரு சித்தப்பா, "ஃப்ரிட்ஜ்ல இருந்து இப்பதான் எடுத்திருப்பாங்க, இறுகியிருக்கும்" என்று விளக்கம் சொல்கிறார். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. மேலே ஐசிங், உள்ளே வெள்ளை வெளேரென்று. "எவ்வளவு வெள்ளையா இருக்கு, முட்டை போடலையோ?" என்று ஓர் அத்தை.

அதை எடுத்து மாப்பிள்ளைக்கு ஊட்டினாள் நடுவர் அவர்களே.

அவர் மென்றார். ஒரு மெல்லல். இரண்டாவது மெல்லல். கண் கொஞ்சம் விரிந்தது. 200 பேர் பார்க்கிறார்கள், வீடியோ ஓடுகிறது, கட்டிய மனைவி முதன்முதலாக ஊட்டியிருக்கிறாள். துப்ப முடியுமா? "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்கிறாள். வாயை மூடிக்கொண்டே சொன்னார், "கொஞ்சம்… வேகணுமோ?"

நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது அவர் மீசை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை உருண்டை. தட்டினால் விழாது, ஊதினால் மூக்குக்குப் போகும். கோட்டில், புருவத்தில், காதோரத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மையாரே, தெர்மோகோல் மாப்பிள்ளை உண்டா என்று கேட்டீர்களே, நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்!

இன்றைக்கும் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், எதை வைத்தாலும் முதல் வாய்க்கு முன்னால் ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்ப்பார்.

இந்தக் கதையை இருநூறு தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். இன்றைக்கு அம்மையார் கேட்டதற்காக மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மண்டபம் சிரித்துக்கொண்டிருக்கிறது. தங்கை சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் ஒரு பத்திரிகையிலிருந்து மூன்றடுக்கு கேக் படம் ஒன்றை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தவள் அவள். அப்பா தினமும் சட்டை எடுக்க அந்தக் கதவைத்தான் திறப்பார். ஒன்றும் சொன்னதில்லை. கல்யாணத்துக்குக் கேக் சொல்லப் போனபோது சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். விலை கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாக்குறதுக்கு இப்படியே இருக்கணும். எப்படியாவது பண்ண முடியுமா?" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அவள் கண் கலங்க நிற்கிறாள். அப்பா மெதுவாக மேடையேறி வந்தார். அவள் கையிலிருந்த கத்தியை அவள் கையோடு சேர்த்துப் பிடித்துக் கீழே இறக்கினார். "கீழ இருக்கும்மா. உனக்குக் கீழ வச்சிருக்கேன்."

வெட்டினாள். முதல் துண்டை அவருக்கு ஊட்டினாள். மாப்பிள்ளைதான் சாப்பிட்டுவிட்டாரே!

அன்று இரவு கிளம்பும்போது அப்பா அவள் கையில் ஒரு கவர் கொடுத்தார். மேலே பேனாவில் 'கேக் மீதி' என்று எழுதியிருந்தது. அவள் அந்தப் பணத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. கவரைப் பத்திரமாக வைத்திருக்கிறாள், பார்த்திருக்கிறேன்.

சில ஊர்களில் மேல் அடுக்கை எடுத்து வைத்து, முதல் கல்யாண நாளன்று வெட்டும் வழக்கம் உண்டு. அதற்கு மது ஊறிய பழ கேக் வேண்டும், மற்றதெல்லாம் தாங்காது. எங்கள் வீட்டு மேல் அடுக்கை அப்பா எடுத்து வைத்திருந்தார். முதல் கல்யாண நாளன்று அதை இறக்கி, கத்தி போட்ட கீறலில் ஒரு மெழுகுவத்தியைச் செருகி ஏற்றினார். "பாத்தியா, கெட்டே போகலை" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த கல்யாண நாளுக்கு அப்பா இல்லை. மெழுகுவத்தியை நான் செருகினேன்.

மணியடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. கேட்டது. நாளைக்கு அவளுடைய பன்னிரண்டாவது கல்யாண நாள். அலமாரி மேலிருந்து அதை இறக்கித் தூசி தட்ட வேண்டும். தீர்ப்பை நீங்கள் நிதானமாகச் சொல்லுங்கள், நான் கிளம்புகிறேன். வணக்கம்.