எல்டரின் ஒட்டகங்களும் கயிறு பிடித்தவர்களும்

வணக்கம் நேயர்களே. தாமஸ் எல்டர் ஸ்காட்லாந்துக்காரர். 1854இல் அடிலெய்டுக்கு வந்து, கம்பளி வியாபாரம், தாமிரச் சுரங்கம், பெரிய பெரிய ஆட்டுப் பண்ணைகள் என்று வளர்ந்து, 1863இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் சட்ட மேலவைக்கும் போனவர். அரசியலை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒட்டகம். எனக்கு எல்டர் என்றாலே ஒட்டகம்தான்.

வண்டி மாடு பூட்டியவர்களுக்குத் தெரியும், கடும் வெயிலில் தண்ணீர் காட்டாவிட்டால் மாடு நுரை தள்ளிவிடும். 1860களின் நடுவில் அங்கே கொடும் வறட்சி. உள்நாட்டுப் பண்ணைகளுக்கு மாட்டு வண்டியை நம்ப முடியவில்லை. எல்டர் ஆளனுப்பி, அன்றைக்கு பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சியிலிருந்து 120க்கும் மேற்பட்ட ஒட்டகங்களை வரவழைத்தார். 1866இல் போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் அவை இறங்கின, கூடவே 31 பேர். இந்த முப்பத்தொரு பேரை நினைவில் வையுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒட்டகத்தின் மூக்கில் ஒரு மரக்குச்சி, அதில் கட்டிய மெல்லிய கயிறு, அவ்வளவுதான் கடிவாளம். வெடுக்கென்று இழுத்தால் மூக்கு கிழிந்துவிடும். அந்தக் கைப்பக்குவம் எந்தப் பண்ணை முதலாளிக்கும் இல்லை, அந்த 31 பேருக்கு இருந்தது. சொறி வந்து நிறைய ஒட்டகங்கள் செத்த பிறகும், மிஞ்சியவற்றை வைத்து எல்டரின் பெல்டானா பண்ணையில் ஓர் இனத்தையே பெருக்கினார்கள்.

1875இல் எர்னஸ்ட் ஜைல்ஸ் என்ற நாடாய்வுப் பயணி பாலைவனத்தைக் கடந்து பெர்த்துக்குப் போனார், எல்டர் கொடுத்த ஒட்டகங்களில்தான். வழியில் 17 நாள், 500 கிலோமீட்டருக்கு மேல், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது! பெயர் ஜைல்ஸுக்கு. ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்த சாலே என்பவரை எத்தனை பேருக்குத் தெரியும்? பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் என்று எங்கிருந்து வந்தாலும் இந்த ஒட்டகக்காரர்களை மொத்தமாக ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தார்கள். 1880களின் இறுதியில் ஒட்டகக்காரர்கள் அடிலெய்டில் எழுப்பிய மசூதி இன்றும் நிற்கிறது, போனால் பாருங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, அரசியல்: எல்டர் நடுவில் சில வருட இடைவெளியோடு 1878 வரை மேலவையில் இருந்தார். சர் பட்டமும் அதே ஆண்டு வந்தது. 1897இல் இறந்தபோது அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்கு 65,000 பவுன் எழுதி வைத்தார், அங்குள்ள இசைக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். பெல்டானா பண்ணை ஆவதற்கு முன்பே அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அட்னமட்னா மக்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், இன்று முடியவில்லை. வணக்கம்.